வாழ்த்து வந்தால் திறக்க வேண்டாம்

திகதி: 2007 செப்டெம்பர் 12, புதன்கிழமை
வாக்குமூலம் வழங்குபவர்: அந்தோனிப்பிள்ளை டோரின் பிலோமினா
வயது: 47
தொழில்: கொமியூனிகேஷன் கடை நடத்துதல்
வதிவிடம்: கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
பதிவு செய்பவர்: சார்ஜன்ட் பதியுதீன். பொறுப்பதிகாரி முன்னிலையில், தமிழில்.

நான் மேற்குறித்த இடத்தில் என் கணவர் றொபேட்டுடன் வசிக்கிறேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் லேன் ஒன்றில் எனக்குக் கடை உண்டு. வெளிநாட்டு அழைப்பு, போட்டோ கொப்பி, இன்டர்நெட் ஆகிய மூன்றும் அங்கே செய்யப்படும். தினமும் காலையில் புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போகிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை போடாமல் இவ்வளவு தூரம் வருவது ஏன் என்று பொறுப்பதிகாரி கேட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் என் மாமியார் இருக்கிறார் என்று பதிலளித்தேன்.

என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு கம்பியூட்டரைத் தொடப் பயம். ஆகையால் அவர்களுக்கு வரும் ஈமெயிலை நானே திறந்து, பிரின்ட் எடுத்து, பெயர் எழுதிக் கூடையில் போட்டு வைப்பேன். அவர்கள் சந்தைக்குப் போகும் வழியில் வந்து எடுத்துக்கொள்வார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். அவர்களுடைய பாஸ்வேர்ட் எல்லாம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கியது நான் அல்ல. மறந்துபோவோம் என்று அவர்களாகவே என்னிடம் ஒப்படைத்தார்கள்.

சென்ற ஜூலை மாதம் சீனியம்மா என்பவருக்கு ஒரு ஈமெயில் வந்தது. இவர் பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்து கிருலப்பனையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். இவருடைய மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். வந்த ஈமெயிலில், உங்கள் குடும்பத்தவர் ஒருவர் உங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறார், பார்க்க இங்கே அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. யார் அனுப்பியது என்று இல்லை. பெயர் இல்லையே என்று நான் சொன்னேன். அதற்குச் சீனியம்மா, "எம் மக பேரு போடமாட்டா அக்கா. அவ மேடம் பாத்தா ஏசுவாங்க. தொறங்க, தொறங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தேன். அட்டை எதுவும் வரவில்லை. அதன் பின்னர் சீனியம்மா சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, படம் வந்தால் எடுத்து வைக்கும்படி சொல்லிப் போனார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சரியாக எழுதும்படி சார்ஜன்டைக் கேட்டுக்கொண்டேன். வேறு ஊர்க்காரருக்குப் பெயரில்லாத வாழ்த்து வந்தால் சந்தேகம் வரலாம். எங்கள் லேனில் அப்படி வராது. மேடமுக்குப் பயந்து பெயர் போடாத பிள்ளைகள் உண்டு. ஏஜென்சிக்காரன் கொடுத்த வேறொருவர் பெயரில் போய், எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. அப்பாவுக்குத் தெரியாமல் கலியாணம் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு மட்டும் எழுதும் மகள்களும் உண்டு. வீட்டுக்கு ஒரு பெயரில்லாத ஆள் எங்கேயோ இருக்கிறார். அதனால் பெயரில்லாமல் வந்ததற்காகவே அதை நம்பினோம். அவர்கள் யார் யார் என்று பொறுப்பதிகாரி கேட்டார். பெயர் போடாதவர்களின் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று பதிலளித்தேன்.

அதன் பின்னர் கடையில் இருந்த நான்கு கம்பியூட்டர்களும் எருமை நடை நடக்கத் தொடங்கின. அதே வாழ்த்து அட்டை என் வாடிக்கையாளர் எல்லோருடைய பெயரிலும் அவர்களுடைய உறவினர்களுக்குப் போயிருக்கிறது. இத்தாலியில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் பலபேரிடமிருந்து வாழ்த்து வந்ததாம். அவன் போன் எடுத்து, "என்ன அக்கா, எனக்கு ஏதும் லொத்தர் விழுந்திருக்கா?" என்று கேட்டான். புறக்கோட்டையில் கம்பியூட்டர் திருத்தும் ஷிப்லியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, இது வாழ்த்து அல்ல, வைரஸ் என்றும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றும் சொன்னார். அழித்ததில் சீனியம்மாவின் மகள் முன்னர் அனுப்பியிருந்த படங்களும் போயின. பிரின்ட் எடுக்கப் பிந்தியிருந்தோம். சீனியம்மா கடை வாசலில் இருந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

போகும்போது ஷிப்லி, "டோரின் அக்கா, பேர் இல்லாம வாற கார்ட் ஒண்டையும் தொறக்க வாணாம்" என்று சொன்னார். சொல்வது சுலபம். அதன் பின்னர் ஒருவரும் எதையும் திறக்கவில்லை. சொந்த மகன் எழுதியதைக்கூட, "இது அவன்தானோ?" என்று கேட்டுத் தொடாமல் வைத்தார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது போலக் கூடை வெறுமையாகக் கிடந்தது.

இப்போது தங்கள் தடுப்புக் காவலில் இருக்கும் இரத்தினசிங்கம் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் லேன் மூலையில் உள்ள லொட்ஜில் தங்கியிருக்கிறார். இவருடைய மனைவி யோகமலர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு கனடா போய் அங்கேயே தங்கிவிட்டார். இவர் விசாவுக்காகக் காத்திருக்கிறார். வடக்கிலிருந்து வந்தவர்கள் காரணம் காட்டாமல் கொழும்பில் தங்க முடியாத இந்தக் காலத்தில், தூதரகக் கடிதம் கையில் இருப்பதால்தான் லொட்ஜில் இவரை வைத்திருக்கிறார்கள். இவருடைய நேர்முகம் நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை. அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதுவரை கொழும்பில் நிற்பதற்கு இவரிடம் காட்ட ஒரு காரணமும் இராது. கூப்பிட்டதும் நான் இங்கே ஓடி வந்தது அதற்காகத்தான்.

ஷிப்லி வந்துபோன பின்னர் யோகமலர் எழுதிய ஈமெயில்களையும் இரத்தினசிங்கம் அண்ணை திறக்க விடவில்லை. பதில் வராததால் அந்த அம்மா என் கடைக்குப் போன் எடுத்தார். என் கடையின் போன் அறைக் கதவு ஒழுங்காக மூடாது. உள்ளே அண்ணை, "கடிதம் எழுதினது நீர்தான் எண்டு நான் எப்பிடி அறியிறது?" என்று கேட்டார். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தும்மிப் போட்டுப் பல்லைக் கடலுக்கை விட்டவருக்கு, நான் ஆர் எண்டு தெரியாதோ?" என்று பதில் வந்தது. கடை முழுக்கக் கேட்டது.

விசாரித்ததில் தெரிய வந்தது என்னவென்றால், யோகமலர் கனடா போவதற்கு முந்தின வாரம் இருவரும் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பாறையில் நின்று அண்ணை பெரிதாகத் தும்மியிருக்கிறார். பல் செட் கழன்று அலைக்குள் போய்விட்டது. இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் சிரித்து முடிந்த பின்னர் எனக்கு ஒரு யோசனை வந்தது. வைரஸுக்கு எல்லோருடைய பெயரும் விலாசமும் தெரியும். வீட்டில் நடந்த கூத்து தெரியாது. ஆகவே உறவினர்கள் ஈமெயிலின் தலைப்பில் வீட்டில் நடந்த ஏதாவது ஒரு விஷயத்தை எழுத வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். பிறந்தநாள், கோயில் பெயர், பிள்ளையின் பெயர் எதுவும் ஆகாது. அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். இங்கிருந்து போகும் பதிலுக்கும் அதே விதி. இதற்கு வீட்டுச் சொல் என்று பெயர் வைத்தோம். வாழ்த்து வந்தால் திறக்க வேண்டாம், வீட்டுக் கதை வந்தால் திறக்கவும் என்று எழுதிக் கடைச் சுவரில் ஒரு மட்டையும் தொங்கவிட்டேன். தாங்கள் எடுத்து வந்திருப்பது அந்த மட்டைதான்.

அன்றிலிருந்து என் கடைக்கு வைரஸ் வரவில்லை. கூடை மறுபடி நிரம்பியது. முன்னர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே போகிறவர்கள் இப்போது நின்று தங்கள் வீட்டுச் சொல்லின் கதையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். யுத்தம், செக்கிங், விலைவாசி எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த இரண்டு மாதமும் என் கடையில் சிரிப்புக்குக் குறைவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரத்தினசிங்கம் அண்ணை மனைவியின் ஈமெயிலைப் பிரின்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். லேன் முகப்பில் செக்கிங் நடந்தது. பையில் இருந்த தாளை எடுத்து, தலைப்பை யாரோ ஒருவர் சிங்களத்தில் பெயர்த்துச் சொல்லியிருக்கிறார். தலைப்பு: கடலில் விழுந்தது கிடைத்ததா? உள்ளே எழுதியிருந்தது, வெள்ளிக்கிழமை நீலச் சேட்டைப் போடுங்கள், மறக்க வேண்டாம் என்பதாகும். நேர்முகத்துக்குப் போட வேண்டிய சட்டையைத்தான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கடலில் விழுந்தது என்ன என்று அதிகாரிகள் கேட்க, அண்ணை, "என்ர பல்லு, சேர்" என்று சொல்லியிருக்கிறார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது எல்லாப் பல்லும் ஒழுங்காக இருந்திருக்கின்றன. புதுச் செட் கட்டி ஒரு வருஷமாகிறது என்பதைச் சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

அதன் பின்னர் அதிகாரிகள் என் கடைக்கு வந்து மட்டையையும் கூடையையும் எடுத்துச் சென்றார்கள். இன்று பிற்பகல் நான் அழைக்கப்பட்டு வந்திருக்கிறேன். கூடையில் இருந்த தாள்களின் தலைப்புகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

ஆடு தின்ற சட்டை என்பது சீனியம்மாவின் மகள் எழுதியது. தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை ஆடு தின்றுவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை.

மூன்றாவது பூட்டும் திறக்கவில்லை என்பது உம்மு குல்தூம் என்பவருக்கு லண்டனில் இருக்கும் மருமகன் எழுதியது. கலியாணத்துக்கு அடுத்த நாள் மாமியார் வீட்டில் மூன்று பூட்டுப் போட்ட மலசலகூடத்துக்குள் அவர் மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்கத் தச்சனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

கானுக்குள் இறங்கிய மாப்பிள்ளை என்பது என் தம்பி எனக்கு எழுதியது. என் கலியாண நாளில் கொட்டாஞ்சேனையில் மேளத்தோடு வந்த றொபேட், பின்பக்கமாக நடந்து ஆட்டம் போட்டதில் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். கோட்டு சூட்டோடு குளிப்பாட்டித்தான் கோயிலுக்குக் கொண்டுபோனோம். இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டுள்ளது.

இவை எல்லாம் சங்கேதச் செய்திகள் என்று ஒரு அதிகாரி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. சங்கேதம் என்றால் வெளி ஆளுக்கு விளங்கக்கூடாது. நான் தங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். நான் சத்தமாகச் சொன்னதையும் எழுதச் சொன்னேன். அதன் பின்னர் பொறுப்பதிகாரி எனக்குத் தேத்தண்ணீர் எடுப்பித்தார். மனைவியிடமே நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கனடாவில் அது காலை நேரம். நான் இலக்கத்தைக் கொடுத்தேன்.

இவ்விடத்தில் வாக்குமூலம் பதிவது நிறுத்தப்பட்டு, தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் மீண்டும் தொடரப்படுகிறது.

நடந்ததையும் என் வாயாலேயே சொல்லும்படி கேட்கப்பட்டதால் சொல்கிறேன். பொறுப்பதிகாரி போனைச் சத்தமாக வைத்து, ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லி, கொழும்புப் பொலிஸிலிருந்து பேசுவதாகவும் அவருடைய கணவர் தங்களிடம் இருப்பதாகவும் மிகவும் மரியாதையாகச் சொன்னார். யோகமலர் போனை வைத்துவிட்டார். மறுபடி எடுத்தபோதும் பொறுப்பதிகாரி வணக்கத்திலிருந்தே தொடங்கினார். யோகமலர் மறுபடியும் வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் உன் புருஷன் எங்களிடம் இருக்கிறான் என்று யார் யாரோ போன் எடுத்துக் காசு கேட்பது பொறுப்பதிகாரிக்குத் தெரியாததல்ல. மூன்றாவது தடவை சார்ஜன்ட் பதியுதீன் தமிழில் பேசினார். அதற்கு அந்த அம்மா, "பொலிஸ் எண்டால் வீட்டுச் சொல்லைச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். என்ன கேட்கிறார் என்று பொறுப்பதிகாரி சார்ஜன்டிடம் கேட்டார். சார்ஜன்ட், "எங்களுக்கிட்டயும் வீட்டுச் சொல் கேக்கிறாங்க, சேர்" என்பதைச் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொலிஸ் நிலையத்தில் சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன்.

பல் செட் கதையைச் சொன்னால் போதும் என்று நான் சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் சொன்னார். அந்த அம்மா, "அது நான் எழுதுற சொல்லு. தாளைப் பறிச்ச ஆரும் வாசிச்சுச் சொல்லலாம். அவர் எனக்கு எழுதுற சொல்லைச் சொல்லுங்கோ" என்றார். அது எனக்குத் தெரியாது. இரத்தினசிங்கம் அண்ணை மற்றெல்லாவற்றையும் என்னைக் கொண்டு டைப் அடிப்பிப்பார். தலைப்பை மட்டும் தோளால் திரையை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தானே அடிப்பார். நானும் எட்டிப் பார்த்ததில்லை.

அதன் பின்னர் இரத்தினசிங்கம் அண்ணை உள்ளே கொண்டுவரப்பட்டார். சட்டை கசங்கி, சவரம் செய்யாமல் இருந்தார். போனுக்குக் கிட்டப் போய், "யோகம், நான்தான்" என்றார்.

"நான்தான் எண்டு ஆரும் சொல்லலாம். அடிச்சுச் சொல்ல வைச்சாலும் சொல்லலாம். சொல்லைச் சொல்லுங்கோ."

அண்ணை பொறுப்பதிகாரியைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். வாசலில் நின்ற இரண்டு கொன்ஸ்டபிள்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "உப்பில்லாத புட்டு" என்றார்.

அதன் பின்னர், "முழுக்கச் சாப்பிட்டனீங்களோ?" என்று ஒரு குரல் கேட்டது. அது முதல் பேசிய குரல் போலவே இல்லை.

"முழுக்க" என்றார் அண்ணை.

அதற்குப் பின்னர்தான் யோகமலர் அழுதார். அழுதுகொண்டே, நேற்று முழுக்கப் போன் எடுக்காதது ஏன், சாப்பிட்டாரா, மருந்துக் குளிசை போட்டாரா, தூதரகக் கடிதம் பத்திரமா என்று வரிசையாக ஏசினார். ஏச்சு முடிந்ததும் பொறுப்பதிகாரி, கடலில் விழுந்தது என்ன என்று சார்ஜன்ட் மூலம் கேட்டார். "அவற்ர பல்லு, ஐயா. தும்மேக்கை வாயைப் பொத்துங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று பதில் வந்தது. சார்ஜன்ட் பெயர்த்துச் சொன்னபோது பொறுப்பதிகாரி சிரித்தார். கொன்ஸ்டபிள்களும் சிரித்தார்கள்.

புட்டைப் பற்றிச் சார்ஜன்ட் கேட்டதற்கு இரத்தினசிங்கம் அண்ணை சொன்னார். கலியாணம் முடிந்த அடுத்த நாள் காலை, புதுப்பெண் முதன்முதலாகத் தன் கையால் புட்டு அவித்தார். உப்புப் போட மறந்துவிட்டார். வீட்டில் மாமன், மாமி, மச்சாள்மார் எல்லோரும் சாப்பிடக் காத்திருந்தார்கள். அண்ணை முதல் வாய் வைத்ததும் தெரிந்துகொண்டு, பசிக்கிறது, பசிக்கிறது என்று மொத்தப் புட்டையும் தானே சாப்பிட்டு முடித்துவிட்டார். மற்றவர்களுக்குக் கடையில் பாண் வாங்கி வரச் சொன்னார்கள். பேராசைக்கார மாப்பிள்ளை என்று பெயர் எடுத்தார். பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததைத் தான் வழித்து வாயில் போட்டபோதுதான் யோகமலருக்கு உப்பில்லாதது விளங்கியிருக்கிறது. இருவரும் இதை இன்றுவரை எவருக்கும் சொன்னதில்லை.

இதைச் சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது எவரும் சிரிக்கவில்லை. பொறுப்பதிகாரி பேனையை மூடி வைத்துவிட்டு, தூதரகக் கடிதத்தையும் ஈமெயில் தாளையும் அண்ணையிடம் தம் கையாலேயே கொடுத்தார். எனக்கு மட்டையும் கூடையும் திருப்பித் தரப்பட்டன. மட்டையில் உள்ளதைச் சிங்களத்தில் எழுதித் தர முடியுமா என்று சார்ஜன்ட் கேட்டார். நிலையத்துக் கம்பியூட்டருக்கும் போன கிழமை ஒரு வாழ்த்து வந்ததாம். திறந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

இரத்தினசிங்கம் அண்ணை இப்போது வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறார். என் பொறுப்பில் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வெள்ளிக்கிழமை காலை றொபேட் அரைநாள் லீவு போட்டு அவரைத் தூதரக வாசல் வரை கொண்டுபோய் விடுவார். நீலச் சேட்டை இன்றிரவே நான் தோய்த்துக் கொடுப்பேன்.

கடைசியாக ஒன்று. உப்பில்லாத புட்டு இப்போது பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆகவே அது இனி வீட்டுச் சொல் அல்ல, அடுத்த ஈமெயிலுக்கு முன் புதிதாக ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று வாங்கில் இருந்த அண்ணையிடம் சற்று முன்னர் சொன்னேன். கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து மேலே கையால் தட்டிவிட்டு, "முப்பது வருசம், தங்கச்சி. ஒண்டு போனால் என்ன, எவ்வளவு கிடக்கு" என்றார்.

இதுவரை எழுதியதைச் சார்ஜன்ட் பதியுதீன் எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். நான் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை, ஒரு சொல்லும் குறைக்கப்படவில்லை. றொபேட் கானுக்குள் விழுந்த பகுதியை நீக்கும்படி இரண்டாவது தடவையும் கேட்டேன். அதுவும் உண்மைதானே என்று சார்ஜன்ட் சொன்னார். உண்மைதான். எவருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. டோரின் பிலோமினா